ஜெபசீலியின் சத்தம்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. ரெக்கார்டு பண்ற மெஷினை இப்பப் போடாதீங்க. போட்டாலும் கிரைண்டர் சத்தம்தான் விழும். மருமக மாவுக்குப் போட்டிருக்கா. இப்ப உளுந்து ஓடுது, அடுத்து அரிசி. ரெண்டும் முடிய ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நான் பேசி முடிச்சுடணும். பேட்டின்னா யாரும் சத்தமில்லாத நேரமாப் பாத்துத்தான் வரச் சொல்லுவாங்க. நான் உங்களைப் பத்து மணிக்கு வரச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அவ அரைப்பா.

நீங்க அனுப்பின அஞ்சு கேள்வியையும் படிச்சேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சேன். முதல் கேள்வி, அனிமேயில, அதான் அந்த ஜப்பான் கார்ட்டூன்ல, ஃபேன் சர்வீஸுக்கு என்ன அர்த்தம், அதுக்கு என்ன வேலை. இதுக்கெல்லாம் கோயம்புத்தூர்ல டாக்டர் பட்டம் கொடுக்கறாங்களா. கொடுக்கட்டும், நான் ஒண்ணும் குத்தமாச் சொல்லல. ரெண்டும் மூணும் கூடப் பரவாயில்ல. நாலாவதுலதான் நின்னுட்டேன். அந்தக் கப்பல் தொடர்ல, எண்பத்தேழாவது எபிசோட்ல கேப்டன் குளிக்கிற காட்சிக்குத் தமிழ்ல குரல் கொடுத்த ஜெபசீலி இப்ப எங்க இருக்காங்க, அவங்க நம்பர் கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க.

நம்பர் இருக்கு. தரமாட்டேன். அதுக்குப் பதிலா இதைச் சொல்றேன்.

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சது இதுதான். நான் படிச்சவ இல்ல. ஆனா ஒரே காட்சியை முப்பது தடவை ஓட்டி ஓட்டி டப்பிங் பேசறவளுக்கு ஒண்ணு தெரியும். கதைன்னா அதுல யாராவது யாரையாவது பாத்துக்கிட்டு இருப்பாங்க. எதிரி பாப்பான், மாலுமி பாப்பான், ஒண்ணும் இல்லன்னா பாய்மரத்து மேல ஒரு பறவை பாக்கும். இந்த சர்வீஸ் ஷாட்டுல அப்படிக் கிடையாது. கேப்டன் தன்பாட்டுக்குக் குனிஞ்சு கயிறு கட்டிக்கிட்டு இருப்பா. சுத்துமுத்தும் ஒருத்தன் இருக்கமாட்டான். காமிரா மட்டும் அவ பின்னாடி தரையோட தரையா உக்காந்திருக்கும். அந்த இடத்துலேருந்து பாக்கக் கதையில ஆளே இல்ல. அப்ப யாருக்காக? வீட்ல உக்காந்து பாக்கறவருக்காக. கதை ஒரு நிமிஷம் நின்னுட்டு உங்களை மட்டும் தனியாக் கூப்பிடுது. அதுதான் அர்த்தம்னு நான் நினைக்கிறேன்.

என்ன வேலைன்னு கேட்டா, எங்க டப்பிங் இன்சார்ஜ் பரந்தாமன் சொன்னதைத்தான் சொல்லணும். சண்டைக்காகப் பாக்கறவன் சண்டை முடிஞ்சா போயிடுவான், இதுக்காகப் பாக்கறவன் அடுத்த வாரமும் வருவான்னு சொல்லுவார். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிச்சிருக்கேன். நம்ம படத்துல மழைப் பாட்டுக்கு முன்னாடி கதாநாயகி ஒரு மூச்சு விடுவா பாருங்க, அந்த மூச்சு எத்தனை படத்துல என்னுது தெரியுமா. இருபத்தெட்டு வருஷம் தம்பி. சாலிகிராமத்து ஸ்டுடியோங்கள்ல என் எச்சில் படாத மைக் கிடையாது. அதனால இந்தக் கார்ட்டூன் எனக்குப் பெருசாத் தெரியல. வரைஞ்ச பொம்பளைதானே, அவளுக்கு என்ன வெக்கம்னு நினைச்சேன். வரைஞ்சது உடம்புதான். சத்தத்தை யாரும் வரையல. அது ஒருத்தி தொண்டையிலேருந்து வந்தாகணும். இது எனக்குப் பின்னாடிதான் புரிஞ்சுது.

காபி எடுத்துக்குங்க. ஆறிடும்.

ஜெபசீலிக்கு அப்ப இருபத்திநாலு வயசு. நாசரேத் பக்கம். அப்பா சபையில உபதேசியார். கோயில் பாட்டுக் குழுவுல பாடிக்கிட்டு இருந்த பொண்ணு. நல்ல கனமான குரல். கீழ் ஸ்தாயியில பேசினாலும் ஒவ்வொரு எழுத்தும் தனியாக் கேக்கும். கப்பல் கதைக்கு டெஸ்ட் எடுத்தப்ப நானும் போனேன். கேப்டனுக்கு அவளை எடுத்தாங்க. எனக்குக் கப்பல்ல சமைக்கிற கிழவி. அதுவும் நல்ல வேஷம்தான், நிறையத் திட்டுவா. அந்தப் பொண்ணு மேல எனக்குப் பொறாமை கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன்.

பொறாமை இருந்தா உக்காந்து கேப்பேனா. என் சீன் முடிஞ்சப்புறமும் நான் கிளம்பமாட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து அவ பேசறதைக் கேப்பேன். வீட்டுக்கு வந்து குளிக்கறப்ப அவளை மாதிரியே பேசிப் பாப்பேன். அவ 'ற'வை எப்படிச் சொல்றா, வாக்கியம் முடியறப்ப எங்க மூச்சை விடறான்னு. மூணு மாசத்துல அவ குரல் எனக்கு வந்துடுச்சு. தொழில் தெரிஞ்சவங்க செய்யறதுதான். உள்நோக்கம் ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தத் தொடர்ல கடைசியில தமிழ்க் குரல்னு பேர் போட்டாங்க இல்லையா. அதுக்கு நடையா நடந்தவ நான். இத்தனை வருஷம் யார் யாருக்கோ பேசியாச்சு, ஒரு இடத்துலயாவது எங்க பேர் வரட்டும்னு கம்பெனிக்கு மூணு மனு எழுதிக் கையெழுத்து வாங்கினேன். முதல் வாரம் ஜெபசீலி பேர் வந்தப்ப அவ போன் பண்ணி அழுதா. அப்பா சபையில சொல்லிட்டாராம், ஊரே பாத்துச்சாம். எல்லாம் உங்களாலதான் அக்கான்னா.

எண்பத்தேழாவது எபிசோட் நீங்க பாத்திருப்பீங்க. சண்டையில பாதி மாலுமிங்க செத்துப் போயிருப்பாங்க. கேப்டன் தனியாப் போய் வெந்நீர்த் தொட்டியில இறங்குவா. கையில இருக்கிற ரத்தத்தைத் தேய்ச்சுக் கழுவுவா. ரெண்டு நிமிஷம். வசனம் கிடையாது. எங்க பேப்பர்ல வசனம் இல்லாத இடத்துல ரியாக்‌ஷன்னு எழுதியிருக்கும். இருமல், விக்கல், பெருமூச்சு, அடிபட்டா கத்தறது எல்லாம் ரியாக்‌ஷன்தான். அசல்ல பேசின ஜப்பான்காரி அந்த இடத்துல என்ன பண்ணியிருந்தா தெரியுமா? ஒண்ணும் பண்ணல. தண்ணி சத்தம் மட்டும். கடைசியில ஒரே ஒரு மூச்சு, அழுகையை முழுங்கின மாதிரி.

ஜெபசீலி அதையே செஞ்சா. முதல் டேக்லயே. சவுண்ட் இன்ஜினியர் ஓகேன்னுட்டார். ஆனா கம்பெனியிலேருந்து வந்திருந்த ஆளுக்குப் பத்தல. படத்துல இவ்வளவு காட்டறாங்க, குரல் செத்த வீட்ல இருக்கிற மாதிரி இருக்கேன்னார். பரந்தாமன் உள்ள போய் அவகிட்ட அந்த மழைப் பாட்டு மூச்சு மாதிரி வேணும்னு எப்படியோ நாசூக்கா விளக்கிச் சொன்னார். அவ ஹெட்போனைக் கழட்டிட்டு என்னைப் பாத்தா. இன்சார்ஜை இல்ல, கண்ணாடி வழியா என்னை.

"அவ கூட இருந்தவன்லாம் செத்துட்டான்லா அக்கா. அதுல எப்படி இந்தச் சத்தத்தைக் கொடுக்க?"

நான் என்ன சொன்னேன்? கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு நிமிஷம் கொடுத்துட்டு வாம்மா, தண்ணி சூடாப் பட்டுச்சுன்னு நினைச்சுக்கோன்னேன். அவ மாட்டேன்னுட்டா. கோவமில்ல, சத்தம் போடல. மாட்டேன் சார், மன்னிச்சுக்கிடுங்கன்னுட்டு அடுத்த சீன் பேப்பரைத் திருப்பினா. மீதி சீன் எல்லாம் பேசி முடிச்சுட்டு அஞ்சு மணிக்கு ஹாஸ்டலுக்குப் போயிட்டா.

அவ போனப்புறம் பரந்தாமன் தலையில கைவச்சுக்கிட்டு உக்காந்தார். மறுநாள் அனுப்பியாகணும். அப்ப என்னைக் கேட்டார். அக்கா, நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள போறீங்களான்னு. நான் போனேன். அவ குரல்ல கொடுத்தேன்.

இருங்க. கிரைண்டர் நின்னுடுச்சு.

ஆமா தம்பி, கோயம்புத்தூர்ல இப்ப நல்ல குளிரா இருக்குமே. சிறுவாணித் தண்ணி அப்படியே குடிக்கலாம்பாங்க. எங்களுக்கு லாரித் தண்ணிதான். ஆமா ஆமா. என்ன தாரிணி? இல்லம்மா, காபி போதும், இவருக்கும் போதும். நீ அரிசியைப் போடு. நாங்க சும்மா பழைய கதை பேசிக்கிட்டு இருக்கோம்.

உளுந்தை வழிச்சு எடுத்துக்கிட்டு இருக்கா. இப்பப் போட்டுடுவா. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. போன வருஷம் ஆண்டு விழாவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போய் மேடையில ஏத்தி, எங்க அத்தை குரலுக்கு வயசே கிடையாதுன்னு மைக்ல சொன்னா. பிள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சு. நல்ல பொண்ணு.

போட்டுட்டா. சொல்றேன்.

எபிசோட் வந்துச்சு. டிவியில வந்ததோட போயிருந்தா ஒண்ணும் இல்ல. யாரோ அந்தச் சத்தத்தை மட்டும் தனியா வெட்டி, கேப்டன் படத்தைப் போட்டு, கீழே தமிழ்க் குரல் ஜெபசீலின்னு எழுதி விட்டாங்க. நான் சண்டை போட்டு வாங்கின பேர் அது. பையங்க அதைப் போன்ல மணியா வெச்சுக்கிட்டாங்க. மெசேஜ் வந்தா அந்தச் சத்தம். பஸ்ல கேட்டேன், மருந்துக் கடையில கேட்டேன். முதல் தடவை கேட்டப்ப, நிஜத்தைச் சொல்றேன், அவளை விட நான்தான் அதுல அவளா இருக்கேன்னு நினைச்சேன். அப்படி ஒரு நினைப்பு வந்துச்சு. தொழில் புத்தி.

அவ ஊர்ல கோயிலுக்குள்ள கேட்டுச்சு. ஞாயித்துக்கிழமை ஆராதனையில, இவ பாட்டுக் குழுவோட எழுந்து நிக்கறப்ப, பின்வரிசையில ஒருத்தன் போன்ல அடிச்சுச்சு. தெரியாம அடிச்சுதோ, வேணும்னே அடிக்க வெச்சானோ. நாலைஞ்சு பேர் சிரிச்சிருக்காங்க. இவ அப்பா முன்னாடி நிக்கறார். லீவுக்குப் போன பொண்ணு. கொஞ்ச நாளைக்குப் பாட வேண்டாம்னு சபையில சொல்லிட்டாங்க. கொஞ்ச நாளைக்குன்னுதான் சொன்னாங்களாம்.

எனக்குப் போன் பண்ணினா. அது நான் இல்லக்கா, நான் மாட்டேன்னுட்டுத்தானே வந்தேன், நீங்க பாத்தீங்கள்லான்னா. யாரோ என் சத்தத்தை மெஷின்ல போட்டு மாத்தியிருக்காங்க, அப்படிப் பண்ண முடியுமாக்கான்னு கேட்டா. மெஷின்ல என்ன வேணும்னாலும் பண்ணலாம்மான்னேன். பொய் இல்லையே. பண்ணலாம்தானே.

அடுத்த வாரம் அவ அப்பா கிளம்பி வந்துட்டார். எங்க வீட்டுக்கு. எங்கயோ விலாசம் வாங்கிக்கிட்டு, ஒரு பை முருங்கைக்காயோட. அந்த நாற்காலியிலதான் உக்காந்தார். அப்பவும் அது ஆடும். அவர்கிட்ட நான் சொல்லல. கால் ரெண்டையும் தரையில ஊனிக்கிட்டே உக்காந்திருந்தார். அப்புறம் பிள்ளையைப் பெத்தவர் கேக்கற மாதிரியே இல்லாம, நீதிபதிகிட்ட கேக்கற மாதிரி கேட்டார்.

"எம் பிள்ளை சத்தம் எனக்குத் தெரியும்மா. அவ தொட்டில்ல கிடக்கும்போதே தெரியும். இது அவ சத்தம்தான். அவ 'நான் இல்ல'ங்கா. நீங்க மூத்தவங்க, பக்கத்துல இருந்திருக்கீங்க. எது நெசம்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா தம்பி? அவ சொல்றது பொய்னு நான் சொல்லல. அவதான் பேசினான்னும் சொல்லல. யாரையும் காட்டிக் கொடுக்கல. "சின்னப் பொண்ணு, விட்டுடுங்க சார். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க"ன்னேன். அவ்வளவுதான். அவ மேல இருந்த பிரியத்துலதான் சொன்னேன். வீட்ல அடிச்சுடக் கூடாதேன்னு.

அவர் தலையை ஆட்டினார். கையைக் கூப்பினார். தண்ணி குடிக்காமப் போனார். முருங்கைக்காயை எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம். வெச்சுட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் சாம்பார் வெச்சோம்.

பெத்த அப்பாவுக்கே வித்தியாசம் தெரியலங்கறது எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லமாட்டேன். நீங்களே நினைச்சுக்குங்க. நீங்க நினைக்கறது சரிதான்.

ஜெபசீலி திரும்பி வரல. கேப்டனுக்கு மீதி எபிசோட் யார் பேசினான்னு உங்களுக்கு இப்பப் புரிஞ்சிருக்கும், அஞ்சாவது கேள்வியில பாராட்டி எழுதியிருக்கீங்களே, கடைசி எபிசோட் வரைக்கும் அதே குரல்னு. பேர்ல மட்டும் அவ பேரே ஓடிக்கிட்டு இருந்துச்சு. மாத்த மறந்துட்டாங்க. நானும் ஞாபகப்படுத்தல. மனு எழுதல.

அவ இப்பத் தூத்துக்குடியில ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துல இருக்கா. கல்யாணம் ஆகல. போன மாசம் அந்த நிலையத்துக்குப் போன் பண்ணினேன். அவதான் எடுத்தா. சொல்லுங்க, எந்த டெஸ்ட்டுக்குன்னு கேட்டா. நான் போனை வெச்சுட்டேன். குரல் தட்டையா, அவசரமா, எல்லாரையும் போல ஆயிடுச்சு. அந்தக் கனமான குரல் அவகிட்ட இல்ல தம்பி. அது இப்ப என்கிட்டதான் இருக்கு. வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல.

ஒண்ணு மாத்திச் சொல்லிட்டேன். பரந்தாமன் கேட்டார்னு சொன்னேன்ல. கேக்கல. அவர் தலையில கைவச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தார். கம்பெனி ஆளு, போகட்டும், இருக்கிறதையே அனுப்புங்கன்னு எழுந்துட்டார். பெட்டியைக் கையில எடுத்துட்டார். நான்தான் சொன்னேன், சார், அவ குரல் எனக்கு வரும்னு. யாரும் கேக்காம. உள்ள போய் ஒரே டேக். வெளிய வந்தா இன்ஜினியர் கை தட்டினார். எந்தப் பேர்ல போடட்டும் அக்கான்னு கேட்டார். ஒவ்வொரு டேக்குக்கும் பேசினவங்க பேரை அவர் எழுதி வெக்கணும். கேப்டனுக்கு யார் பேர் இருக்கோ அதையே போடுங்கன்னேன்.

இவ்வளவுதான். இதை எழுதுங்க. அது ஜெபசீலி இல்லன்னு எழுதுங்க. என் பேர் வேண்டாம், ஒரு மூத்த கலைஞர்னு போடுங்க. பேரன் பள்ளிக்கூடத்துக்குப் போறான். மருமக அங்கதான் டீச்சர்.

என்ன யோசிக்கறீங்க?

நம்பமாட்டாங்களா. மூத்தவங்க சின்னவளைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்கன்னு சொல்லுவாங்களா. ஆமா. அந்த வீடியோ அவ பேரோட இன்னமும் இருக்கு, என் பேச்சு பேர் இல்லாம உங்க புத்தகத்துல ஒரு ஓரத்துல இருக்கும். நான் கேட்டாலும் நம்பமாட்டேன்.

அப்ப என்ன வேணும், சத்தம் வேணும். என் வாயால அவ குரல்ல. அவ பேசின வசனம் ஒண்ணும், பக்கத்துலயே அந்த ரியாக்‌ஷனும். அதைக் கேட்டா யாரும் மறுக்க முடியாது. அவ அப்பாவுக்கும் அனுப்பலாம்.

கிரைண்டர் ஓடறப்ப எடுக்க முடியாது தம்பி. இந்தச் சத்தத்துல எந்தக் குரலும் எந்தக் குரல் மாதிரியும்தான் கேக்கும். மாடியில எடுக்கலாம்னா பக்கத்து மனையில கம்பி அறுக்கறான். இன்னொரு நாள் வாங்கன்னு சொல்லலாம். இன்னொரு நாள் இன்னொரு நாள்னுதான் ஆறு வருஷம் ஆச்சு. அவ அப்பா இருக்காரான்னு கூட எனக்குத் தெரியாது.

இந்த வீட்ல சத்தம் நின்னா அடுப்படியில சட்டி எடுக்கறது கூட இங்க கேக்கும். இங்க மூச்சு விடறது அங்க கேக்கும்.

ஜன்னலைச் சாத்துங்க. அந்தப் பக்கத்தையும்.

தாரிணி. தாரிணி, கிரைண்டரை நிறுத்தும்மா. ஆமா, பாதியிலதான். மாவுக்கு ஒண்ணும் ஆகாது. கையைத் துடைச்சுக்கிட்டு இங்க வா. இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உக்காரு. நீயும் கேக்கணும். கேட்டப்புறம் எது கேக்கறதா இருந்தாலும் கேளு, இப்ப மட்டும் பேசாத.

தம்பி, ஃபேனை நிறுத்துங்க. இப்பப் போடுங்க மெஷினை. சிவப்பு லைட் வந்துடுச்சா? கையைக் காட்டினதும் ஆரம்பிக்கறேன். முதல்ல பேர் சொல்லணும், அதுதான் முறை.

எண்பத்தேழாவது எபிசோட். கேப்டன். ரியாக்‌ஷன். குரல், சந்தானலட்சுமி.